கத்தாத பூனை

தருமபுரியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. முன் ஹாலில் எட்டு மிஷின்கள். பின்னால் இருந்த ஒரு அறையிலும் சமையலறையிலும் நானும் அம்மாவும் குடியிருந்தோம். அப்பா இறந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. காலை ஆறு மணிக்கு முதல் பேட்ச் வரும். இரவு எட்டு மணி வரைக்கும் எட்டு மிஷின்களும் ஓய்வில்லாமல் தட்டிக்கொண்டே இருக்கும்.

பூனை வந்தது ஒரு ஐப்பசி மழையில். பாழான தாள்களைக் கட்டிப் போட்டிருந்த சாக்கில் வந்து படுத்திருந்தது, உள்ளங்கை அளவு. முழு வெள்ளை. கண் இரண்டும் நீலம். அம்மா முதலில் வேண்டாம் என்றாள். ஒரு வாரம் கழித்து அவளே அதற்குப் பால் வாங்க ஆரம்பித்தாள். குட்டி என்று கூப்பிட்டோம். கூப்பிட்டால் ஒருநாளும் வராது. அதற்குத் திமிர் என்று சிரித்துக்கொள்வோம்.

மிஷின்களுக்கு நடுவில்தான் அது தூங்கும். தாளைச் சுமந்து கேரியேஜ் போய் வருகிற இடத்துக்கு நான்கு விரல் தள்ளி, மேஜை மேல் உடம்பை நீட்டிப் படுத்திருக்கும். எட்டுப் பேர் ஒரே சமயம் அடித்தாலும் காது அசையாது. "டீச்சர், உங்க பூனைக்கு லோயர் பரீட்சை எழுத ஹால் டிக்கெட் வாங்கிடலாம்" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். மாலையில் நான் தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் மடியில் ஏறி, என் இடது மணிக்கட்டின் மேல் தாடையை வைத்துக்கொள்ளும். அதன் தொண்டையிலிருந்து வரும் அந்தக் குறுகுறுப்பு என் கையெல்லாம் ஏறும். கையை எடுக்க மனம் வராமல் வலது கையாலேயே தாளைப் புரட்டுவேன். எனக்கு அப்போது கல்யாணப் பேச்சுகள் வந்து வந்து நின்றுபோய்க்கொண்டிருந்த காலம். அந்தப் பாரம் மணிக்கட்டில் இருக்கும்போது எதுவும் பெரிதாகத் தோன்றாது.

ஆனால் அது கத்தும். சாதாரணமாகப் பூனை கத்துகிற மாதிரி இல்லை. குழந்தையை யாரோ கிள்ளிவிட்ட மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல், மூச்சு முடிகிற வரைக்கும் ஒரே நீளமாக. விடியற்காலையில் கத்தும். பகலில் காலி அறைக்குள் போனால் கத்தும். மாடிப்படியில் நின்று கத்தும். நாங்கள் எதிரில் போய் நின்றால் நிறுத்திவிடும். நாங்கள் நகர்ந்ததும் திரும்ப ஆரம்பிக்கும்.

நான் அதை அடித்திருக்கிறேன். இதை எழுதாமல் மேலே போக முடியாது. அடி ஸ்கேலால் முதுகில் தட்டியிருக்கிறேன். குளியலறையில் போட்டு வெளியே தாழ்ப்பாள் வைத்திருக்கிறேன். ஒரு காலை, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தியபோது, "எத்தனை தடவ சொல்றது உனக்கு" என்று ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே அதன் மேல் ஊற்றினேன். துள்ளி விழுந்து என்னைப் பார்த்தது. நான் அங்கே நிற்பதே அப்போதுதான் தெரிந்த மாதிரி பார்த்தது. அந்தப் பார்வையைக்கூட நான் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கீழே வீட்டுக்காரர் குடும்பம். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். பூனை வந்த இரண்டாவது வருடம், அவர் மருமகள் பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோதுதான் பிரச்சினை தொடங்கியது. ஒருநாள் மதியம் அவரே மாடியேறி வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மிஷின் சத்தம் பரவால்லீங்க. அது ஒரே சீரா இருக்குது. கொழந்த அதுலயே தூங்கிப் பழகிடுச்சு. உங்க பூனை இருக்குது பாருங்க, அது ஒரு கொரல் குடுத்தா இது முழிச்சுக்குது. அப்புறம் ரெண்டும் சேர்ந்து கத்துது."

"பாத்துக்கறேங்க" என்றேன்.

"நான் வூட்ட காலி பண்ணுங்கன்னு சொல்ல வரல. பூனைக்கு வேற எடம் பாருங்கன்னுதான் சொல்றேன். ஒரு மாசம் டைம் எடுத்துக்குங்க."

அவர் அப்படிச் சொன்னாலும், இடம் பார்க்காவிட்டால் வீடுதான் போகும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எட்டு மிஷின்களை இறக்கிக்கொண்டு போய் இன்னொரு ஹால் பிடிப்பது லேசான காரியம் இல்லை. டைப்ரைட்டிங் என்றாலே சத்தம் என்று யாரும் இடம் தர மாட்டார்கள். அம்மா, "தொப்பூர் பக்கம் போற லாரில யார்கிட்டயாவது குடுத்து, வழியில எறக்கி விடச் சொல்லிடலாம்" என்றாள். அவளுக்கும் மனசு இல்லாமல்தான் சொன்னாள். நான் அன்று சாப்பிடவில்லை. வழியில் விடுவதில்லை, ஒரு வீட்டில்தான் விடுவது என்று முடிவு செய்தோம்.

முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ் வைத்திருந்தவர் எடுத்துக்கொண்டார். அவர் சமையல்கட்டில் எலித் தொல்லை. அவரிடம் உள்ளதைச் சொல்லித்தான் கொடுத்தேன், கொஞ்சம் கத்தும் என்று. மூன்றாம் நாள் அவரே கூடையோடு படியேறி வந்தார்.

"எலி புடிக்குது டீச்சர், அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். ஆனா சாப்புட உக்காந்தவங்க எலையில கை வெக்கறதுக்குள்ள உள்ளேர்ந்து கத்துதுங்க. யாரோ கொழந்தையப் போட்டு அடிக்கறாங்கன்னு நெனச்சு எந்திரிச்சு வந்து எட்டிப் பாக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

கூடையைத் திறந்ததும் பூனை நேரே மேஜைக்கு ஏறிப் படுத்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அந்தக் கதை தெருவில் பரவிவிட்டது. அதற்கப்புறம் யாரைக் கேட்டாலும், "அந்தக் கத்தற பூனையா?" என்றார்கள். உண்மையைச் சொன்னால் இதைத் தள்ள முடியாது என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்தது அப்போதுதான்.

பத்து மணி பேட்ச்சில் பென்னாகரத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பதினெட்டு வயது, பிளஸ் டூ முடித்தவள். அவள் அப்பாவுக்குப் பென்னாகரத்தில் கேவுரு என்கிற கேழ்வரகும் நிலக்கடலையும் வாங்கி விற்கிற மண்டி. அவளைச் சேர்க்க வந்தபோது அவளுடைய அம்மாதான் கூட வந்திருந்தார். கறுப்புத் துப்பட்டியின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து, "எங்க வூட்டுப் பொம்பளப் புள்ளைங்கள்ல தனியா பஸ் ஏறிப் போறது இவதாங்க மொதல்ல. நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. உங்கள நம்பித்தான் விடறேன் டீச்சரம்மா" என்றார். "என் தங்கச்சி மாதிரி பாத்துக்கறேங்க" என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன்.

நல்ல பெண். விரல் சுத்தம். ஆறே மாதத்தில் லோயர் பரீட்சைக்குத் தயாராகிவிட்டாள். பூனை மேல் அவளுக்கு ஆசை. டிபன் பாக்ஸில் மீன் துண்டு வைத்து எடுத்து வருவாள்.

ஒருநாள் வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவளை நிற்கச் சொன்னேன்.

"உங்க மண்டியில எலி உண்டா?"

"நெறைய டீச்சர். சாக்கெல்லாம் கடிச்சுப் போட்டுருது."

"பூனைய எடுத்துட்டுப் போறியா?"

அவள் முகம் மலர்ந்தது. உடனே யோசித்தாள்.

"அம்மாவுக்கு ஒத்தத் தலைவலி டீச்சர். சத்தம் ஆகாது. கத்துமான்னுதான் மொதல்ல கேப்பாங்க."

"கத்தாதுன்னு சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். "கத்துதுங்களே டீச்சர்."

"எடம் மாறினா சரியாயிடும். கத்தாதுன்னு டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லு."

இடம் மாறினால் சரியாகாது என்பதை மெஸ்காரர் ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணுக்கும் அது தெரியும், அவர் கூடையோடு வந்தபோது அவள் மூன்றாவது மிஷினில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் நான் டீச்சர். பரீட்சைக்கு ஃபாரம் அனுப்புகிறவள் நான். அவள் தலையைக் குனிந்து, "சரிங்க டீச்சர்" என்றாள். அந்தச் "சரி"யை நான் எப்படி வாங்கினேன் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு நாளில், தன் அம்மா சம்மதித்துவிட்டதாக அவள் சொன்னாள். பழக்கூடையில் பூனையை வைத்து மேலே பழைய புடவைத் துண்டைப் போட்டுச் சணலால் தைத்தாள் என் அம்மா. தைத்துக்கொண்டே மூக்கைச் சிந்திக்கொண்டாள். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். நின்றிருந்த பென்னாகரம் பஸ்ஸில் அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். துணிக்குள் அதுவரை தூங்கிக்கொண்டு வந்த பூனை விழித்து ஆரம்பித்தது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் வந்து, "என்னம்மா அது, கொழந்தையா?" என்றார். முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து கூடையைப் பார்த்தார். அவள் முகம் சிவந்துவிட்டது. ஜன்னல் வழியாக என்னைத் தேடினாள்.

நான் இரண்டு பஸ் தள்ளிப் போய் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் யாரும் அது என் பூனை என்று நினைத்துவிடக் கூடாது என்று தோன்றியது. பஸ் கிளம்புவதற்கு முன்பே நான் வீட்டுக்கு நடந்துவிட்டேன். பேட்ச் நேரம் ஆகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விடிந்த பிறகும் தூங்கினேன். முதல் பேட்ச் பிள்ளைகள் கதவைத் தட்டித்தான் எழுந்தேன். வீட்டுக்காரர் மருமகள் கீழேயிருந்து ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்து அனுப்பினாள்.

அந்தப் பெண் அடுத்த ஒரு வாரம் வந்தாள். "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலீங்க டீச்சர்."

"கத்துதா?"

"பழகிடும் டீச்சர்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு அவள் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள். ஒரு வாரம். பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. வேறு எந்தப் பிள்ளை வராமல் போனாலும் அன்று சாயங்காலமே ஒரு கார்டு போடுகிறவள் நான். அவளுக்குப் போடவில்லை. போட்டால் பதில் வரும். அந்தப் பதிலில் பூனை இருக்கும். அம்மா கேட்டபோது, "காய்ச்சலா இருக்கும்" என்றேன். அவளுடைய மூன்றாவது மிஷினை ஒரு புதுப் பையனுக்குக் கொடுத்தேன். இரண்டாவது வாரமும் போனது.

மூன்றாவது வாரம் தபாலில் ஹால் டிக்கெட்டுகள் வந்தன. அவளுடையதும் இருந்தது. அதை மேஜை டிராயருக்குள் வைத்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கு யாரு கொண்டுபோய்க் குடுக்கறது? நாளைக்கு ஞாயித்துக்கெழம தானே, நீ போய்ட்டு வா. பூனையையும் பாத்துட்டு வா" என்றாள். பூனைக்கென்று கொஞ்சம் கருவாட்டை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

பென்னாகரத்தில் மண்டியைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மண்டிக்காரரின் குரல் தெரு முனைக்கே கேட்டது. ஏதோ சண்டை என்று நினைத்துப் பயந்துபோனேன். கிட்டே போனால், அவர் தராசுக்குப் பக்கத்தில் நின்று ஒரு விவசாயியிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும், "வாங்க வாங்க டீச்சரம்மா, வூட்டுக்குள்ள போங்க" என்று அதே குரலில் சொன்னார். எதிர்க்கடைக்காரர்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மண்டிக்குப் பின்னாலேயே வீடு. அந்த அம்மா கூடத்தில் முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்து, பாயை உதறிப் போட்டார். பெண் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். ஹால் டிக்கெட்டை நீட்டினேன். அவள் வாங்க வரவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"இவள நான் நிறுத்திட்டேங்க" என்றார் அந்த அம்மா.

நீட்டிய ஹால் டிக்கெட்டைப் பாயின் மேல் வைத்தேன்.

"உங்ககிட்ட நானே வந்து மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன். மண்டியில வேலை, வர முடியல. நீங்க கத்தும்னு உள்ளதச் சொல்லித்தான் பூனையக் குடுத்திருக்கீங்க. இவ எங்கிட்ட வந்து, கத்தாதுன்னு டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லியிருக்கா. வந்த அன்னிக்கே அது போட்ட சத்தத்துல எனக்கு மண்டையே வெடிச்சுது. ஒரு வாரம் பொறுத்துப் பாத்தேன். இப்பிடி ஒரு டீச்சர் பொய் சொல்லுவாங்களான்னு நான் வாய் விட்டுட்டேங்க. அப்பத்தான் இவ அழுதுட்டே சொல்றா, டீச்சர் மேல தப்பில்லம்மா, பூனை மேல இருந்த ஆசையில நாந்தான் மாத்திச் சொன்னேன்னு."

தேநீர்த் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஆசைப்பட்டது தப்பில்லீங்க. டீச்சர் பேருல பொய் சொல்றதுன்னா என்னாங்க அர்த்தம்? பஸ் ஏறி வெளியூரு போற புள்ளைக்கு பொய் வாயில வரக் கூடாது. இன்னிக்குப் பூனை, நாளைக்கு வேற ஒண்ணு. அதான் வூட்லயே இருன்னுட்டேன். உங்கள நான் தப்பா நெனச்சதுக்கு மனசுல வெச்சுக்காதீங்க."

சமையலறை வாசலில் நின்றிருந்த பெண்ணைப் பார்த்தேன். அவள் கண்களில் கோபம் இல்லை. சொல்லாதீங்க டீச்சர் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அல்லது அப்படி நான் நினைத்துக்கொண்டேன். தம்ளரை எடுத்துக் குடித்தேன். தேநீர் நாக்கைச் சுட்டது. குடித்து முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று மனது சொல்லிக்கொண்டே இருந்தது. நான் சொன்னது, "பூனை எங்கங்க?" என்பதுதான்.

"உள்ள தூங்குது, வாங்க" என்று மூட்டை அடுக்கியிருந்த அறைக்குக் கூட்டிப்போனார். ஈரம் ஏறாமல் இருக்கத் தரையில் பலகைகள் போட்டு, அதன் மேல் கேவுரு மூட்டைகள். ஒரு ஓரத்தில் மடித்த சாக்கு. அதன் மேல் எங்கள் பூனை. கொஞ்சம் சதை போட்டிருந்தது. "குட்டி" என்று கூப்பிட்டேன். அசையவில்லை.

அந்த அம்மா குனிந்து பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பூனை உடனே தலையைத் தூக்கியது. அவரைப் பார்த்தது. எழுந்து, சோம்பல் முறித்து, அவர் கையிடம் வந்தது.

"அதிர்வுதாங்க அதுக்குத் தெரியும். கூப்புட்டா எப்புடி வரும், காது கேக்காதுங்களே."

நான் பூனையின் காதுகளைப் பார்த்தேன்.

"மொதல்ல எனக்கும் தெரியல. அதட்டுனா நிறுத்தாது. கை தட்டுனா திரும்பாது. ரெண்டு வூடு தள்ளி ஒரு கல்யாணத்துல சரவெடி வெச்சாங்க. கோழியெல்லாம் அலறிக்கிட்டு ஓடுது, இது வாசல்ல வெயில்ல படுத்துத் தூங்கிட்டிருக்குது. அப்பத்தான் எனக்குப் பட்டுச்சு. எங்க வூட்டுக்காரருக்கும் காது மந்தம். அவரு பேசறது அவருக்கே கேக்காது, அதனால ஊருக்கே கேக்கற மாதிரி பேசுவாரு. கேட்டிருப்பீங்களே. இதுவும் அதே மாதிரிதாங்க. ஆள் மூஞ்சி தெரியலேன்னா யாரும் இல்லேன்னு நெனச்சுக்குது போல. மூஞ்சியக் காட்டுனா நிறுத்திடுது. இப்ப நான் எங்க உக்காருறனோ அங்க அதுக்கு ஒரு சாக்கு போட்டுடறேன். முன்ன மாதிரி கத்தறது இல்ல."

ஸ்கேல். குளியலறையின் தாழ்ப்பாள். அந்தச் சொம்புத் தண்ணீர். மிஷின்களுக்கு நடுவில் அது தூங்கியதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தது. இரண்டு வருடம் அது என் மணிக்கட்டின் மேல் படுத்திருந்தது. மூன்று வாரத்தில் இவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று அவர் இயல்பாகத்தான் கேட்டார்.

"தெரியும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அதை வளர்த்தவள், அதன் மேல் உயிரையே வைத்திருப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவள், தெரியாது என்று எப்படிச் சொல்வது?

அவர் கை பூனையின் தலையில் அப்படியே நின்றது.

"தெரியுங்களா?"

"ம்."

"தெரிஞ்சா ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாமேங்க." அவர் குரல் உயரவில்லை. "நாங்க ஒரு வாரம் அத அதட்டியிருக்கோம். வெளக்குமாத்தால ஒரு அடிகூட அடிச்சிட்டேன் நான். பாவம், எதுக்கு அடிக்கறாங்கன்னே தெரியாம முழிச்சுது. அந்த அடி இன்னும் எம் மனச அறுக்குது."

அவர் கண் கலங்கியிருந்தது. ஒரே ஒரு அடிக்கு. நான் அங்கேயே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வாய் தானாகப் பேசியது.

"எனக்குத் தெரியாதுங்க. இப்ப தெரியும்னு சொன்னது பொய். நானும் அத அடிச்சிருக்கேன், நெறைய தடவ அடிச்சிருக்கேன். முன்ன சொன்னதும் பொய். கத்தாதுன்னு சொல்லச் சொன்னது நாந்தான். இவ மாட்டேன்னுதான் நின்னா. டீச்சர் சொன்னேன்னு சொல்லுன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

நல்ல மனதோடு ஒப்புக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டாவது பொய் தாங்கவில்லை, அதனால் முதல் பொய்யும் சேர்ந்து விழுந்தது. தேநீர் குடிக்கும்போதே சொல்லியிருந்தால் அது வேறு.

பூனை என் கையை வந்து முகர்ந்தது. கருவாட்டு வாசனைக்காக இருக்கும். பிறகு திரும்பிப் போய்ச் சாக்கில் படுத்துக்கொண்டது.

"எதுக்குங்க?" என்று அந்த அம்மா கடைசியில் கேட்டார். "கத்தும்னு சொல்லியிருந்தாலும் எலிக்காக நான் எடுத்திருப்பேனே."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

பெண் அந்த அறை வாசலுக்கு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவள் என்னைப் பார்த்து நன்றி மாதிரி ஏதாவது சொல்வாள் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் டீச்சர் சொன்னீங்க? எம் மேல கோவம்னா இன்னும் பத்து நாள்ல ஆறிப்போயிருக்கும். திரும்ப அனுப்பியிருப்பாங்க. இனிமே உங்ககிட்ட எங்க அனுப்புவாங்க?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. சொல்லும்போதும் நான் என்னைப் பற்றி மட்டும்தான் நினைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்தார். ஹால் டிக்கெட் அவர் கையில் இருந்தது. "பணம் கட்டி வந்த பரிச்சய எதுக்கு வுடறது, எழுதட்டும். அவங்க அத்தா கூட்டிட்டு வருவாரு. ஆனா கிளாசுக்கு அனுப்ப எனக்கு மனசு வரல. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அப்போதும் அவர் என்னிடம் 'ங்க' போட்டுத்தான் பேசினார். திட்டியிருந்தால் தேவலை.

கருவாட்டுப் பொட்டலம் என் பையிலேயே இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பூனையைப் பற்றி விசாரித்தாள். காது கேட்காது என்பதை மட்டும் சொன்னேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "ஐயோ, கூப்புட்டா வரலேன்னு எத்தன தடவ திட்டியிருப்பேன்" என்றாள். மற்றதைச் சொல்லவில்லை. அவள் சாகிற வரைக்கும் சொல்லவில்லை.

பரீட்சை அன்று சென்டரில் அவளைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அப்பாவோடு வந்திருந்தாள். நான் மற்றப் பிள்ளைகளுக்குக் கார்பன் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். ரிசல்ட் வந்தபோது என் இன்ஸ்டிட்யூட்டில் எழுதிய பதினொரு பேரில் பத்துப் பேர் தேறியிருந்தார்கள். வேகத் தாளில் அவளுக்கு மார்க் போதவில்லை. ஒரு மாதம் விரல் மிஷினில் படாமல் போனால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். பென்னாகரத்திலேயே புதிதாக ஒரு இன்ஸ்டிட்யூட் வந்து, அடுத்த முறை அங்கே சேர்ந்து தேறிவிட்டாள் என்று வேறொரு பிள்ளை சொல்லிக் கேள்விப்பட்டேன். நல்ல மார்க்காம்.

அதற்கும் பிறகு ஒருநாள் அவளுடைய அப்பா தருமபுரிக்குச் சரக்கு விஷயமாக வந்தவர், மாடியேறி இன்ஸ்டிட்யூட்டுக்கே வந்துவிட்டார். பேட்ச் நடந்துகொண்டிருந்தது. "டீச்சரம்மா, சௌக்கியமா" என்று அவர் கேட்டதில் எட்டு மிஷினும் நின்றுவிட்டது.

"பூனை நல்லா இருக்குது. மண்டியில ஒரு எலி இல்ல. என் தராசு மேலயே உக்காந்துக்குது. அத எறக்கிட்டுத்தான் எடை போடணும்" என்று சிரித்தார். ஒரு பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார். "எங்க வூட்டுல குடுத்து அனுப்புனாங்க."

அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அந்த அம்மா கணவரிடம்கூட என்னைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையை வாங்கிக்கொண்டேன்.

"ஒரு நாளு வந்து பாத்துட்டுப் போங்க. நீங்க வளத்த பூனை" என்றார்.

அவருக்குக் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தி, "கண்டிப்பா வர்றேங்க" என்றேன். அதன் பிறகு மூன்று வருடம் தருமபுரியில் இருந்தேன். கல்யாணமாகிச் சேலம் போகிற வரைக்கும், பென்னாகரம் பஸ்கள் என் ஜன்னலுக்குக் கீழேதான் போய்க்கொண்டிருந்தன. நான் போகவில்லை.